விழா நாள் கேக் சரியாக வராதபோது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பிறந்தநாளுக்கு முந்தைய இரவில் ஓவனிலிருந்து எடுத்த கேக் நடுவில் குழிந்து கிடந்தால், அதை ஒதுக்கிவிட்டு உடனே இரண்டாவது கேக்குக்கு மாவு சலிக்கத் தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். அதற்கு முன் ஐந்து நிமிடம் அந்தக் கேக்கை நன்றாகப் பாருங்கள். மேல்தோலின் நிறம், வெடிப்பு விழுந்த இடம், வெட்டிய துண்டில் தெரியும் துளைகள், அடியில் தங்கிய ஈரம் ஆகியவை தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். காரணம் தெரியாமல் மாவைக் கூட்டி, பாலைக் குறைத்து, சூட்டையும் மாற்றினால், அடுத்த கேக் நன்றாக வந்தாலும் எதனால் நன்றாக வந்தது என்று தெரியாமல் போய்விடும். ஆகவே ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

மதுரையில் ஒரு சாதாரண வீட்டுச் சமையலறையில், மேலும் கீழும் உள்ள மின்கம்பிகளால் சூடேறும் சிறிய ஓ.டி.ஜி. ஓவனை வைத்துக்கொண்டு, உறவினர்களின் பிறந்தநாள், திருமண நாள், அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றுக்குக் கேக் செய்து பழகிய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். நம்முடைய தவறுகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே இடத்தில் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். நாம் பின்பற்றும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்ந்த நாட்டுச் சமையலறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றில் வரும் 'அறை வெப்பநிலை' என்பது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். சித்திரை வைகாசி மாதங்களில் நம் சமையலறை 33, 34 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். அதே சொல்லை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளும்போது, கேக் ஓவனுக்குள் போகும் முன்பே கெட்டுவிடுகிறது.

முதலில் ஓவனையும் அளவையும் சோதியுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த இரண்டையும் சோதித்த பிறகே மற்றவற்றைத் தேட வேண்டும். வீட்டு ஓவனின் திருகு 180 டிகிரியைக் காட்டும்போது உள்ளே 160 ஆகவோ 200 ஆகவோ இருப்பது அரிதன்று. ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி, நடுத் தட்டில் வைத்து, இருபது நிமிடம் கழித்துப் பார்த்து, வேறுபாட்டை ஒரு தாளில் எழுதி ஓவன் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். செய்முறையில் 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இருந்தால் அது 177 டிகிரி செல்சியஸ். ஓவனில் விசிறி சுழலுமானால் சொன்ன சூட்டிலிருந்து சுமார் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, கோப்பையை நம்புவதைவிடத் தராசை நம்புவது நல்லது. மைதாவைக் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு மேலே வழித்தால் ஒரு கோப்பை 120 முதல் 125 கிராம் வரை இருக்கும். அதே கோப்பையை மாவு டப்பாவுக்குள் அழுத்தி எடுத்தால் 150 கிராம்கூட ஏறிவிடும். மூன்று கோப்பைக்கு இந்த வேறுபாடு 75 கிராம் ஆகிறது. ஒரு மிருதுவான கேக்கைக் கட்டியாக்க அதுவே போதும். முட்டையும் அப்படித்தான். அமெரிக்கச் செய்முறைகள் ஓடு நீக்கிய முட்டை ஒன்றுக்கு 50 கிராம் என்று கணக்கிடுகின்றன. நம் கடை முட்டை பல நேரங்களில் ஓட்டோடு சேர்த்தே அவ்வளவுதான் இருக்கிறது.

நடுப்பகுதி குழிந்துவிட்டது

எப்போது குழிந்தது என்பதுதான் முதல் கேள்வி. ஓவனுக்குள் இருக்கும்போதே வேகமாக எழும்பி, பிறகு கண்ணாடி வழியே நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமிழ்ந்திருந்தால், பேக்கிங் பவுடர் அல்லது சோடா அதிகமாகிவிட்டது. அல்லது வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றை அளவுக்கு மீறி அடித்துக் காற்றை ஏற்றிவிட்டோம். மாவிலுள்ள மாச்சத்தும் முட்டையின் புரதமும் வெந்து கெட்டியாகும் வரை, குமிழிகளைத் தாங்கிப் பிடிக்கும் சுவர்கள் மெல்லியவையாகவே இருக்கும். அதற்குள் வாயு அளவுக்கு மீறிப் பெருகினால் சுவர்கள் உடைந்து மொத்தமும் உள்ளே சரிகிறது. என் தங்கை மகளின் முதல் பிறந்தநாளுக்கு உயரமான கேக் வேண்டும் என்ற ஆசையில் நான் பேக்கிங் பவுடரை இரண்டு மடங்காக்கினேன். கிடைத்தது ஒரு தாம்பாளம். ஒரு கோப்பை மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அல்லது சோடா மட்டும் என்றால் புளிப்பான பொருளோடு கால் தேக்கரண்டி என்பது போதுமான அளவு. உயரம் வேண்டுமென்றால் சிறிய டின்னில் அடுக்குகளாகச் சுட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமே தவிர, பவுடரைக் கூட்டக் கூடாது.

ஓவனில் நன்றாக நின்று, வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் அமிழ்ந்திருந்தால் உள்ளே வேகவில்லை என்று பொருள். வெட்டிப் பார்த்தால் ஓரங்கள் வெந்து, நடுவில் மட்டும் பசைபோல இருக்கும். பாதி நேரம் ஆகும் முன்பே கதவைத் திறந்து பார்ப்பதும் இதே விளைவைத் தரும், ஓ.டி.ஜி. போன்ற சிறிய ஓவனில் கதவு திறந்த சில விநாடிகளிலேயே சூடு வெகுவாக இறங்கிவிடுகிறது. முக்கால் பங்கு நேரம் கழிந்த பிறகு சுத்தமான ஈர்க்குச்சி ஒன்றை நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல், ஒன்றிரண்டு துகள்கள் மட்டும் ஒட்டி வர வேண்டும். விரலால் தொட்டால் கேக் அமிழ்ந்து மீண்டும் எழ வேண்டும். ஓரம் டின்னிலிருந்து சற்று விலகியிருக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே வெந்ததாகக் கொள்ளுங்கள். குத்தி அளக்கும் வெப்பமானி இருந்தால், வெண்ணெய்க் கேக்கின் நடுப்பகுதி 96 முதல் 98 டிகிரியைத் தொட்டிருக்கும்.

ஆறிய கேக்கை மறுபடி ஓவனில் வைத்தால் பச்சை மாவு வேகுமே தவிரக் கேக் எழும்பாது. ஓரம் வறண்டு போகும். வெந்த பகுதிகளை மட்டும் உதிர்த்துச் சிறிது கனாஷ் (சூடான கிரீமில் சாக்லேட்டைக் கலந்த பூச்சு) சேர்த்து, லட்டு பிடிப்பதுபோல உருண்டை பிடித்து, உருகிய சாக்லேட்டில் தோய்த்துக் குளிரவைத்தால் குழந்தைகள் ஆவலோடு எடுத்துக்கொள்வார்கள். சிறு கண்ணாடிக் குவளைகளில் கேக் துகள், கிரீம், மாம்பழத் துண்டுகள் என்று அடுக்கினாலும் விருந்துக்கு வைக்கத் தகுந்ததாக இருக்கும். குழிந்தாலும் முழுவதும் வெந்திருந்தால் இவை எதுவுமே தேவையில்லை; மேற்பகுதியைச் சமமாக வெட்டி எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் கிரீம் பூசுங்கள்.

மேற்புறம் கோபுரமாக எழும்பி வெடித்துவிட்டது

சூடு அதிகம். ஓரம் முதலில் இறுகிவிட, நடுவில் இன்னும் இளகியிருக்கும் மாவு வேறு வழியின்றி மேலே பிளந்துகொண்டு வருகிறது. சூட்டை 160 டிகிரிக்குக் குறைத்து, நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். பழைய பருத்தித் துணியைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டினால் ஓரம் மெதுவாக வெந்து மேற்பரப்பு மட்டமாக வரும். மேல் கம்பி மட்டும் சிவந்து தோல் கருகுகிறதென்றால் தட்டை ஒரு படி இறக்குங்கள்.

கேக் எழும்பாமல் களிபோலக் கனத்திருக்கிறது

இதற்குத்தான் நம் ஊர்ச் சூடு பெரிய காரணம். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்களின் கூர்மை வெண்ணெயில் நுண்ணிய காற்றறைகளைக் குடைகிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளைப் படைப்பதில்லை, இந்த அறைகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. வெண்ணெய் 18 முதல் 21 டிகிரி வரை இருக்கும்போதுதான் அந்தக் காற்று நிற்கும். வெண்ணெயை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்கச் சொல்லும் செய்முறையை வெயில் காலத்தில் நீங்கள் பின்பற்றினால், அடிப்பதற்குக் காற்றைப் பிடித்துவைக்காத எண்ணெய்தான் மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் பொறுத்தாலே போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கக் கூடாது. அடிக்கும்போதே இளகிவிட்டால் பாத்திரத்தை ஐந்து நிமிடம் குளிரில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

வெண்ணெயில் முட்டை சேர்க்கும்போது கலவை திரிந்ததுபோல ஆனால், முட்டை மிகவும் குளிர்ந்திருக்கிறது அல்லது ஒரேயடியாகச் சேர்த்துவிட்டீர்கள். செய்முறையில் உள்ள மைதாவிலிருந்தே ஒரு மேசைக்கரண்டி எடுத்துத் தூவிக் கலந்தால் பெரும்பாலும் கூடிவரும். திரிந்த நிலையிலேயே சுட்டால் உண்ணத் தகாததாகிவிடாது, ஆனால் இறுக்கமாக இருக்கும்.

மைதா சேர்த்த பிறகு மின்கலக்கியைப் பயன்படுத்துவது மற்றொரு காரணம். பரோட்டா மாவைப் பிசைந்து பிசைந்து நாம் வரவழைக்கும் அதே இழுவைத் தன்மை இங்கே வரக் கூடாது. வெட்டிய துண்டில் கீழிருந்து மேலாகப் புழு துளைத்ததுபோல நீண்ட துளைகள் இருந்தால், மாவைக் கலந்தது அதிகம் என்று உறுதியாகச் சொல்லலாம். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தவுடன் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

முட்டையில்லாத கேக் பசையாக, சோப்பு வாடையோடு இருக்கிறது

பெரியவர்களின் விழாக்களுக்கு முட்டையில்லாத கேக்கே வேண்டியிருக்கிறது. அதைக் குறைபட்ட கேக்காகக் கருதுவது தவறு. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்பிரெட் பேர்ட் என்ற மருந்து வேதியியலர் 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும் 1843இல் பேக்கிங் பவுடரையும் உருவாக்கியது, முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகத்தான். உடன் வாழ்பவருக்கு ஒவ்வாததை நீக்கிச் சமைக்க வேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்த பொருளைத்தான் நாம் இன்று டப்பாவிலிருந்து எடுத்துப் போடுகிறோம்.

சோப்பு வாடையும் மஞ்சள் பழுப்பு நிறமும் சோடா மிஞ்சிவிட்டதைக் காட்டுகின்றன. ஒரு கோப்பைத் தயிரின் புளிப்பு ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி சோடாவைத்தான் ஈடுகட்டும். புளிக்காத புதுத் தயிராக இருந்தால் அதுகூட முடியாது; அப்போது ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேருங்கள். தயிரும் சோடாவும் சேர்ந்த கணமே நுரைக்கத் தொடங்குவதால், ஓவன் முழுச் சூட்டுக்கு வந்த பிறகே இரண்டையும் கலக்க வேண்டும். கலந்துவைத்துவிட்டு டின்னுக்கு வெண்ணெய் தடவப் போனால், எழுப்ப வேண்டிய வாயு பாத்திரத்திலேயே போய்விடும். அடியில் பசைபோன்ற படலம் இருந்தால் தயிரைத் துணியில் கட்டிச் சிறிது நேரம் வடித்துப் பயன்படுத்துங்கள். கண்டென்ஸ்டு மில்க் சேர்த்த கேக் விரைவில் சிவக்கும். 160 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

பேக்கிங் பவுடர் பழையதாகிவிட்டதோ என்ற ஐயம் இருந்தால் அரைத் தேக்கரண்டியைச் சுடுநீரில் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் அந்த டப்பாவைத் தூக்கியெறிந்துவிடலாம். நம் காற்றின் ஈரத்தில் மூடி சரியாக மூடப்படாத பவுடர் விரைவில் செயலிழக்கிறது.

பழத் துண்டுகள் அடியில் தங்கிவிட்டன, கேக் வறண்டுவிட்டது, முட்டை வாடை அடிக்கிறது

டூட்டி ஃப்ரூட்டியை மைதாவில் புரட்டினால் மட்டும் மிதந்துவிடாது. அதைக் கழுவிப் பாகை நீக்கி, துணியில் உலர்த்தி, சிறிதாக நறுக்குங்கள். கலவையும் கரண்டியிலிருந்து ஓடாமல் மெதுவாக விழும் பதத்தில் இருக்க வேண்டும். வறண்ட கேக்குக்கு 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. நீரில் கொதிக்கவைத்து ஆறிய பாகைத் தூரிகையால் தடவுங்கள். அன்னாசித் துண்டுகளை வேகவைத்த சாறு இன்னும் நன்று. முட்டை வாடைக்குப் பெரும்பாலும் காரணம் முட்டை நன்றாக அடிபடாததோ, கேக் சரியாக வேகாததோதான்; வெனிலா எசன்ஸைக் கூட்டுவதற்கு முன் அவ்விரண்டையும் சரிசெய்யுங்கள்.

கிரீம் நிற்காமல் ஒழுகுகிறது

முதலில் பெட்டியின்மீது அச்சிட்டுள்ள கொழுப்பு அளவைப் படியுங்கள். குழம்புகளிலும் பழக்கலவையிலும் சேர்ப்பதற்காகக் கடைகளில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் அது மலை உச்சிபோல நிற்காது. பால் கிரீம் நிற்பதற்கு 35 சதவீதம் அளவுக்காவது கொழுப்பு வேண்டும்; கிரீமும் பாத்திரமும் துடுப்புகளும் 4, 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் அடிக்கும் பாத்திரத்தைப் பனிக்கட்டி நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் ஒரு லிட்டரை அடிக்காமல் 200 மி.லி. ஆக அடித்தால், முடிவதற்குள் சூடேறாது.

தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம்தான் நம் ஊரில் விழாக் கேக்குகளுக்கு மிகுதியாகப் பயன்படுகிறது. அதை வெளியே வைத்து இளகவிடக் கூடாது. உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுதும் வைத்து, சில பனித்துகள்கள் இன்னும் மிதக்கும் நிலையில் மிதமான வேகத்தில் அடியுங்கள். முழு வேகத்தில் அடித்தால் பெரிய குமிழிகள் நிறைந்து, பூசும்போது ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அதிகம் அடித்துச் சொரசொரப்பாகிவிட்டால் அடிக்காத குளிர்ந்த கிரீமை இரண்டு மூன்று கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகக் கலக்குங்கள், பெரும்பாலும் மீளும். பால் கிரீம் அந்த எல்லையைத் தாண்டினால் வெண்ணெயாகத் திரளும், அதை மீட்க இயலாது.

வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்யும் பட்டர்கிரீம் இளகினால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் குளிரவைத்து மறுபடி அடியுங்கள். மாறாக, மிகவும் குளிர்ந்து திரிந்ததுபோல இருந்தால் வெதுவெதுப்பான துணியைப் பாத்திரத்தின் வெளியே சுற்றி அடித்தால் சேர்ந்துவிடும். ஆனால் மொட்டை மாடியில், மே மாத மாலையில் நடக்கும் விழாவுக்கு வெண்ணெய் மட்டும் சேர்த்த பட்டர்கிரீமை எடுத்துச் செல்லாதீர்கள் என்பதே என் அறிவுரை. அங்கே கனாஷ் பூச்சுதான் நிற்கும். பூவேலை செய்யும்போது பைப்பிங் பையைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், உள்ளங்கைச் சூட்டிலேயே கிரீம் இளகுவதால், இரண்டு பைகளை மாற்றி மாற்றிக் குளிரவைத்துப் பயன்படுத்துவது நல்லது. நான் அலங்காரத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளில் நம் சமையலறை குளிர்ந்திருப்பது அப்போதுதான்.

சாக்லேட் கட்டிதட்டிவிட்டது, கனாஷ் பிரிந்துவிட்டது

உருகும் சாக்லேட்டில் ஒரு துளி நீரோ, கொதிநீரின் ஆவியோ பட்டால் அது மணல்போல இறுகும். இனி அது தோய்ப்பதற்கு உதவாது. சூடான கிரீமைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கிக் கனாஷாக மாற்றிவிடுங்கள். நீர் கலந்த திரவ நிறங்களும் இதையே செய்யும் என்பதால், சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரைத்த நிறமே ஏற்றது.

கனாஷில் எண்ணெய் மிதந்தால் இளஞ்சூடான பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேர்த்து, நடுவிலிருந்து சிறு வட்டங்களாகக் கலக்குங்கள். பூச்சுக்கு டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு என்பது எடைக் கணக்கு. கோடையில் இரண்டரைப் பங்கு வேண்டும், வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்கு. மேலே ஒதுக்கச் சொன்ன 25 சதவீதக் கிரீம் இதற்கு நன்றாகவே உதவும்.

ஃபாண்டன்ட் வியர்த்துப் பளபளக்கிறது

ஃபாண்டன்ட் என்பது மெல்லிதாக விரித்துக் கேக்கின்மேல் போர்த்தும் சர்க்கரை மாவு. குளிர்ந்த கேக்கை ஈரக் காற்றுக்குக் கொண்டுவரும்போது, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படிகிறது. சர்க்கரை அதைக் குடித்து இளகுகிறது. கடலோர ஊர்களில் இது இன்னும் கடுமை. அதைத் துடைக்காதீர்கள், தொட்டால் விரல் தடம் பதிந்துவிடும்; மின்விசிறியின் முன் வைத்தால் தானே உலரும். கேக்கை அட்டைப்பெட்டியில் மூடிய நிலையிலேயே வெளியே எடுத்து, ஓரிரு மணி நேரம் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் ஈரம் பெட்டியின்மேல் படிந்து கேக் தப்பும். இப்படி வைக்க வேண்டியிருப்பதாலேயே ஃபாண்டன்டுக்குக் கீழே விப்பிங் கிரீம் கூடாது, கனாஷ் பூசுங்கள்.

நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது

முக்கால் பங்கு நேரம் கடந்திருந்தால் கதவைத் திறக்காமல் விடுங்கள், மிச்சச் சூட்டிலேயே பல நேரம் வெந்துவிடும். அதற்கு முன்பே நின்றால், தடித்த அடியுள்ள பெரிய பாத்திரத்தில் ஒரு தாங்கியை வைத்து, மூடி, அடுப்பில் பத்து நிமிடம் சூடேற்றி, டின்னை ஆட்டாமல் அதற்குள் மாற்றிச் சிறு தீயில் வேகவிடலாம். மேற்புறம் சிவக்காது, ஆனால் கேக் காப்பாற்றப்படும்.

எடுத்துச் செல்லும்போது சாய்ந்துவிட்டது

இரண்டு அடுக்குக்கு மேல் இருந்தால் கீழ் அடுக்குக்குள் தடித்த ஸ்ட்ராக்களை அதன் உயரத்துக்கே வெட்டிச் செருகி, மேல் அடுக்கை மெல்லிய அட்டையின்மீது அமர்த்துங்கள். எடையை ஸ்ட்ராக்கள் தாங்க வேண்டும், கேக் தாங்கக் கூடாது. காரில் இருக்கையின்மீது வைத்தால் அது சரிவாக இருப்பதால் கேக் நகரும். கால் வைக்கும் தளத்தில், வழுக்காத விரிப்பின்மேல் வையுங்கள். நன்றாகக் குளிரவைத்த பிறகே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். கிரீம் கேக் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேலான வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான் எல்லை. விருந்தினர் வரத் தாமதமானால் மேசையில் விளக்கேற்றி அழகாக வைத்திருக்கும் கேக்கைத் தயங்காமல் மறுபடி குளிரில் வைத்துவிடுங்கள்.

வெட்டும்போது உதிர்கிறதென்றால் கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதையே திரும்பச் செய்யுங்கள்.